15 வயது ஸ்ப்ளெண்டர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் வந்த கதை: திருப்பி அனுப்பிய குறைகளும் யாரும் பார்க்காத குறைகளும்

வண்டி 2009 ஆகஸ்டில் பதிவான ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். 97.2 சிசி, ஸ்போக் வீல், முன்னும் பின்னும் டிரம் பிரேக், கிக்கர் மட்டும். சொந்தக்காரர் என் பெரியப்பா. மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வீடு, தோட்டம், பால் சொசைட்டி, கடைவீதி என்று அதே நாலு ரோட்டில் ஓடிய வண்டி. ஓடோமீட்டர் 61 ஆயிரத்துச் சொச்சத்தில் நின்று பல வருடம் ஆகிறது, அதற்கப்புறம் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரிந்தது நவம்பரில், இன்சூரன்ஸ் போடப் போன இடத்தில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறை காட்டியபோது திருப்பி அனுப்பினார்கள், இரண்டாவது முறை பாஸ் ஆனது, இப்போது 2029 வரை ஓட்டலாம். எழுத உட்கார்ந்த காரணம் வேறு. இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பும்போது சொன்ன குறைகள் ஒரு பட்டியல், அதே வாரம் வண்டியைப் பிரித்துப் போட்டபோது கண்ட குறைகள் வேறு ஒரு பட்டியல், இரண்டிலும் சேர்ந்து இருந்தது லைட் கோளாறு மட்டும்தான். முதல் பட்டியலில் இருந்தவற்றை எல்லாம் ஒரே சாயங்காலத்தில் சரி செய்யலாம். ஆளைக் கீழே தள்ளக்கூடிய சமாசாரம் பெரும்பாலும் இரண்டாவதில் இருந்தது. முதல் பட்டியலை மட்டும் சரி செய்து கொண்டுபோயிருந்தாலும் வண்டி பாஸ் ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டம், சுருக்கமாக

ஊரில் எல்லாரும் இதை "பைக்குக்கு எஃப்.சி." என்றுதான் சொல்கிறார்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) என்பது லாரி, பஸ், டாக்சி மாதிரி வாடகை வண்டிகளுக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56. அந்த வண்டிகளுக்கு முதல் 8 வருடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடாவருடம் சோதனை உண்டு. சொந்த பைக்குக்கு நடப்பது பதிவுச் சான்றுப் புதுப்பிப்பு, பிரிவு 41. புதிதாக வாங்கும்போது 15 வருடத்துக்குப் பதிவு, அது முடிந்ததும் படிவம் 25 போட்டு, வண்டியைக் காட்டி, பாஸானால் இன்னும் 5 வருடம். முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷோரூமை விட்டு வந்த நாளிலிருந்து 15 வருடம், புகைச் சான்று தவிர, அந்த பைக்கை அரசு சார்பில் ஒருவரும் தொட்டுப் பார்ப்பதில்லை. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் பைக்குக்கு மூன்று வயது தாண்டினால் வருடாவருடம் சோதனை. பிரிட்டனில் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. இங்கே முதல் சோதனைக்கே வண்டிக்குப் பதினைந்து வயது ஆகிவிடுகிறது, அதுவும் கூட்டமான மைதானத்தில், வரிசையில், வெயிலில், வண்டிக்குச் சில நிமிடம். இன்ஸ்பெக்டரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் பார்க்க முடிந்ததை அவர் பார்க்கிறார்.

கட்டணம்: 2022 ஏப்ரல் 1 முதல் பைக்குக்கு 1,000 ரூபாய், அதற்கு முன் 300 ஆக இருந்தது. தாமதம் ஆனால் மாதத்துக்கு 300 கூடுதல். இதோடு ஸ்மார்ட் கார்டுக்குத் தனி, பசுமை வரி தனி. பெரியப்பாவுக்கு மூன்று மாதத் தாமதத்துக்கே 900.

"15 வருஷம் ஆனா வண்டிய உடைக்கணுமாமே?" என்று அவர் என்னிடம் கேட்டார், டீக்கடையில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அது டெல்லி சுற்றுவட்டாரக் கதை. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் தடை போட்டார்கள். தமிழ்நாட்டில் பாஸானால் ஓட்டலாம், அவ்வளவுதான். ஆனால் ஆர்.சி. முடிந்த வண்டியை ரோட்டில் ஓட்டுவது பதிவில்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம், முதல் தடவையே 5,000 வரை அபராதம். அபராதத்தை விடுங்கள், பதிவு இல்லாமல் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்தபின் ஓட்டிய ஒரு வண்டிக்கு இழப்பீடு கிடையாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் லோடு ஆட்டோவில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். பெரியப்பாவுக்கு அது பெரிய அவமானம்.

புகை டெஸ்ட்

விண்ணப்பிக்க இன்சூரன்சும் புகைச் சான்றும் வேண்டும், அதனால் முதல் பரீட்சை அங்கேதான். 2000 மார்ச்சுக்குப் பிறகு தயாரான நாலு ஸ்ட்ரோக் பைக்குகளுக்கு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல் ஆவி) 4,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4,500 பங்கு) வரை அனுமதி. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு 4.5 சதவீதம், 9,000 பிபிஎம். பின்னால் வந்த பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 500 பிபிஎம். இந்த மூன்று வரியையும் பார்த்தாலே தெரியும், 2009 வண்டிக்குக் கொடுத்திருக்கிற சலுகை ரொம்பத் தாராளம். அதிலும் இது 4-ஐத் தாண்டி நின்றது.

பழைய வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஏறினால் பத்தில் எட்டு தடவை எஞ்சினைச் சந்தேகப்படத் தேவையில்லை, ஏர் பில்டரைத் திறங்கள். இதில் பில்டர் ஃபோம் கறுத்து, எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிமண்ணாகியிருந்தது. காற்று போகாவிட்டால் பெட்ரோல் பங்கு கூடும், முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு ஏறும். பில்டரை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றி ஜெட் சுத்தம் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மிக்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி வைத்ததில் 2-க்குக் கீழே வந்துவிட்டது. குளிர்ந்த எஞ்சினோடு போய் டெஸ்ட்டுக்கு நிறுத்தாதீர்கள். கொஞ்ச தூரம் ஓடிச் சூடான வண்டி காட்டும் அளவே வேறு.

ஒரு சின்ன விஷயம். புகை அளக்கும் கருவியின் குழாயை சைலன்சருக்குள் ஒரு அடி நுழைத்துத்தான் அளக்க வேண்டும், ஏனென்றால் வாயிலேயே வைத்தால் வெளிக்காற்று கலந்துவிடும். இதே காரணத்தால் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலன்சர் வண்டியை உண்மையைவிடச் சுத்தமாகக் காட்டும். ஓட்டை சைலன்சரோடு பாஸ் ஆன வண்டிகள் எத்தனை ஓடுகின்றனவோ.

ஆபீஸ் மைதானத்தில்

வெளியே டீக்கடையில் ஒருவர் "வண்டியே வர வேணாம் தம்பி, பேப்பர் மட்டும் குடுங்க" என்றார். அவரைத் தாண்டி உள்ளே போனோம்.

எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பேரில் பிரேக் இருந்தாலும் அவர் முதலில் பார்ப்பது நம்பரை. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், ஆர்.சி., மூன்றும் ஒத்துப்போக வேண்டும். திருட்டு வண்டி, எஞ்சின் மாற்றிய வண்டி எல்லாம் பிடிபடுவது இங்கேதான், அதனால் அதில் அவர் கறாராக இருப்பதில் தப்பு சொல்ல முடியாது. சேசிஸ் நம்பர் ஹேண்டில் கழுத்துப் பக்கம் அடித்திருக்கும், அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து படிவத்தில் ஒட்ட வேண்டும். எங்கள் வண்டியில் சேசிஸ் நம்பர் வந்தது. எஞ்சின் நம்பர் வரவில்லை. ஆயிலும் மண்ணும் இறுகிப்போய், அதன் மேல் எப்போதோ யாரோ சில்வர் பெயிண்ட் அடித்துவிட்டிருக்கிறார்கள். நம்பர் இருக்கும் இடமே தெரியவில்லை.

அடுத்தது நம்பர் பிளேட். மேலே குலதெய்வம், கீழே பேரன் பெயர், நடுவில் இருந்த இடத்தில் நம்பர் நெளிந்து வளைந்து. எழுத்தின் உயரம், கனம், இடைவெளி எல்லாம் விதியில் மில்லிமீட்டர் கணக்கில் உண்டு, வேறு எந்தப் படமும் பெயரும் கூடாது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார், அப்புறம் படிவத்தில் எழுதினார்.

மூன்றாவது நிறம். ஆர்.சி.யில் கறுப்பு. டேங்க் நீலம். ஒரு தடவை கீழே விழுந்து டேங்க் நசுங்கியபோது பட்டறையில் இருந்த பெயிண்ட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் நிறம் மாறினால் ஆவணத்தோடு ஒட்டாது, சரி செய்துகொண்டு வா என்பதுதான் பதில்.

நான்காவது கண்ணாடி, சேலை கார்டு, பிடிமானக் கம்பி. கண்ணாடி இரண்டும் இல்லை. சேலை கார்டைப் பால் கேன் கட்ட வசதியில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார். பின் சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பும், பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. நம் ஊரில் இது வெறும் சம்பிரதாயம் கிடையாது, சேலையோ துப்பட்டாவோ ஸ்போக்கில் சுற்றிக்கொண்ட விபத்து இல்லாத ஊர் எது?

ஐந்தாவது லைட்டுகள். ஹெட்லைட் எரிந்தது. பின்பக்க இடது இன்டிகேட்டர் எரியவில்லை. பிரேக்கை மிதிக்கச் சொன்னார், பின்னால் ஒன்றும் எரியவில்லை.

"பிரேக் லைட் எங்கய்யா?"

"பின்னாடி வர்றவன் பாத்துத்தான சார் வரணும்" என்றார் பெரியப்பா.

இன்ஸ்பெக்டர் பதில் சொல்லாமல் பேனாவை மூடினார். டயரைக் காலால் ஒரு தட்டு, பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். சரி செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பிரித்தபோது கண்டது

பெயிண்ட், பிளேட், கார்டு என்று முதல் பட்டியலை முடிக்க மட்டும்தான் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பிரேக் லைட்டில் ஆரம்பித்து ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துக்கொண்டே போய்விட்டது.

பிரேக் லைட் எரியாததற்கு மூன்று காரணம், மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தன. பெடலில் இருந்து சுவிட்சை இழுக்கும் சின்ன ஸ்பிரிங் இல்லை. பின் மட்கார்டுக்கு அடியில் பச்சை ஒயர், அதாவது எர்த், ஜாயிண்ட்டில் அறுந்து தொங்குகிறது, இன்டிகேட்டர் எரியாததும் அதனால்தான். பேட்டரி செத்துவிட்டது. இந்தப் பழைய ஸ்ப்ளெண்டர்களில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் எஞ்சினோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து (சின்ன டைனமோ மாதிரி) நேராக வருகிறது, அதனால்தான் ஐடிலில் மங்கி ஆக்சிலரேட்டர் முறுக்கினால் பளிச்சென்று ஆகும். ஹாரன், இன்டிகேட்டர், பிரேக் லைட் மூன்றும் பேட்டரியை நம்பி இருக்கின்றன, அதுவும் 2.5 ஆம்பியர்-அவர் சின்னப் பேட்டரி. கிக்கரில் ஸ்டார்ட் ஆகிறது, ஹெட்லைட் எரிகிறது, அதனால் பேட்டரி செத்தது வருடக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் வண்டியில் ஹாரன் முனகுகிறதா, இன்டிகேட்டர் மின்னாமல் மங்கலாக அப்படியே நிற்கிறதா, பேட்டரியைப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி விட்டிருந்தது தெரிந்தது. பியூஸ் விலை பத்து ரூபாய்க்கும் குறைவு. அது போனால் ஏன் போனது என்று பார்க்க வேண்டும், கம்பி போட்டால் அடுத்து எரிவது ஒயரிங்கும் அதற்கு மேலே இருக்கும் பெட்ரோல் டேங்க்கும்.

அப்புறம் முன் பிரேக். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய டிரம் பிரேக் வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இதுதான். லீவரைப் பிடித்தால் கேபிள் இழுக்கும், ஹப்பில் இருக்கும் ஆர்ம் திரும்பும், அதோடு உள்ளே கேம் திரும்பி இரண்டு ஷூவையும் விரித்து டிரம்மில் அழுத்தும். ஷூ மேல் ஒட்டியிருக்கும் லைனர் தேயத் தேய கேம் அதிகம் திரும்ப வேண்டியிருக்கும், அதனால் ஆர்ம் முன்னால் சாய்ந்துகொண்டே போகும். பிரேக் பிடித்த நிலையில் கேபிளுக்கும் ஆர்முக்கும் நடுவே ஏறக்குறைய செங்கோணம் இருந்தால்தான் நல்ல பிடி கிடைக்கும், அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் பாதி பலம் வீண். ஆர்முக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும் தட்டில் ஒரு கோடும் இருக்கும், முழுதாகப் பிரேக் பிடித்தபோது அம்பு கோட்டைத் தொட்டால் ஷூ மாற்ற வேண்டும் என்று அர்த்தம். எத்தனை பேருக்கு அது அங்கே இருப்பது தெரியும்?

எங்கள் வண்டியில் அட்ஜஸ்ட்மெண்ட் நட் கடைசி மரை வரை முறுக்கியாகிவிட்டது. அதற்கும் மேல் முறுக்க இடமில்லை என்றானபோது யாரோ ஆர்மைக் கழற்றி, கேம் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். இது பட்டறைகளில் சகஜமான வேலை. வெளியே பார்த்தால் ஆர்ம் நேராக நிற்கும், லீவரில் புது பிரேக் மாதிரி ஃப்ரீ பிளே (பிடிக்கும் முன் லீவர் சும்மா நகரும் தூரம்) இருக்கும், வாடிக்கையாளருக்குச் சந்தோஷம். உள்ளே லைனர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அம்புக்குறித் தகட்டை எப்போதோ கழற்றித் தொலைத்துவிட்டார்கள். கேம் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து இறுகியிருந்தது, அதனால் பிரேக்கை விட்டாலும் முழுதாக விடவில்லை. கேபிள் லீவர் பக்கத்தில் பாதி இழை அறுந்திருந்தது.

இந்தப் பிரேக்தான் மைதானத்தில் பாஸ் ஆனது! தள்ளும் வேகத்தில் எந்த பிரேக்கும் பிடிக்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றலைவிட 60-ல் ஒன்பது மடங்கு, அதோடு பின்னால் ஒரு ஆள், பக்கத்தில் இரண்டு பால் கேன். நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் மிச்சமிருக்கும் லைனரும் சூடாகி வழுக்கும். பெரியப்பா "நான் முன் பிரேக்கையே பிடிக்கிறதில்லடா, தூக்கி எறிஞ்சிரும்" என்றார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் பலத்தில் பெரும் பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. அவர் பத்து வருடமாகப் பின் பிரேக்கை மட்டும் வைத்து ஓட்டியிருக்கிறார், பின் ஷூவும் அதனால் சீக்கிரம் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். ஒன்று கவனிக்க வேண்டும், பழைய டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், ஏர் பிடிக்காதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து எடுத்தால் போதும்.

அடுத்து கோன்செட், ஹேண்டில் கழுத்தில் மேலும் கீழும் இருக்கும் பால்ரஸ் கிண்ணங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின்னால் அழுத்த, முன் சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். நல்ல வண்டியில் எங்கும் தடங்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதில் நடுவுக்கு வந்ததும் தராசு முள் நிலைகொள்வது மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அங்கிருந்து நகர்த்தத் தனியாக அழுத்த வேண்டியிருந்தது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் பால்ரஸ் வழியாகக் கிண்ணத்தில் இறங்குகிறது. நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம் என்பதால் எல்லா அடியும் அதே இடத்தில் விழுந்து குழி ஆகிவிடும். இதை வைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டி நேராகப் போகாது, சிறுசிறு வளைவாக அலையும், ஓட்டுபவர் தன்னையறியாமல் திருத்திக்கொண்டே இருப்பார், வயதானால் கைவலி என்று நினைத்துக்கொள்வார். இறுக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று மேல் நட்டை முறுக்குவார்கள். குழி விழுந்த கோன்செட்டை இறுக்கினால் இன்னும் மோசமாகும். மாற்றுவது ஒன்றே வழி, அதுவும் கீழும் மேலும் சேர்த்து முழு செட்டாக.

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இடது பக்கம் ஆயில் கசிந்து கால்வரை வடிந்திருந்தது. சீல் மாற்றுவதற்கு முன் ராடை நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். துருப் புள்ளி நகத்தில் தட்டினால் புது சீலும் சீக்கிரமே கிழியும், ராடைப் பார்க்காமல் சீல் மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவது. எங்கள் அதிர்ஷ்டம், புள்ளிகள் சீல் ஓடும் இடத்துக்கு மேலே இருந்தன.

பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ் தேய்ந்து போயிருந்தது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் சக்கரத்தோடு முழு ஆர்மும் அசைந்தது. இதை வீல் பேரிங் என்று நினைத்து முன்பு பேரிங் மாற்றியிருக்கிறார்கள், ஆட்டம் அப்படியே இருந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது பின்பக்கம் தனியாக வருவது போலத் தோன்றினால் அங்கே பாருங்கள். போல்ட் துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிப்போய், மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் சுத்தியல் கொண்டுதான் எடுக்க முடிந்தது.

டயர் எனக்குப் பிடித்த உதாரணம். விதிப்படி இருசக்கர வண்டிக்கு டயர் பூ 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். முன் டயரில் 3 மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது, இன்ஸ்பெக்டர் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதில் ஆச்சரியமே இல்லை. ஆனால் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதில் 1813 என்று இருந்தது. 2013-ன் பதினெட்டாவது வாரம், அதாவது 11 வயது டயர். காற்று இறக்கிச் சுவரை வளைத்துப் பார்த்தால் உள்ளே நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு. குறைவாக ஓடும் பழைய வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. பூ இருக்கிறதே என்று யாரும் மாற்றுவதில்லை. கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்தால் பின் டயரும் அதே நிலை, இரண்டையும் டியூபோடு மாற்றினோம்.

செயின், ஸ்பிராக்கெட், பெட்ரோல் ஓஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்தால் பல் பாதி தெரிந்தது, மாற்றினோம். ஓஸ் கல்லாகி வெடித்திருந்தது, மாற்றினோம். இப்போது எல்லா பங்கிலும் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய வண்டிக்காரர்கள் ரப்பர் சாமான்களை இன்னும் அடிக்கடி பார்ப்பது நல்லது.

மற்ற பழைய வண்டிகளில்

இந்தக் குறைகளுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லை, வயதுதான் காரணம். சொல்லப்போனால் ஸ்ப்ளெண்டர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்து இத்தனை வருடம் ஆகியும் அதே எஞ்சின் வம்சம் ஓடுவதால் எந்தச் சின்ன ஊரிலும் சாமான் கிடைக்கிறது. யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், 1996-ல் நின்றுபோன வண்டி, ஒரிஜினல் சாமானுக்கு ஊர் ஊராக அலைகிறார்கள். அந்த வண்டிகளில் இன்ஸ்பெக்டரிடம் மாட்டுவது பெரும்பாலும் வேறு வகை: சத்தமான சைலன்சர், வெட்டிய மட்கார்ட், கழற்றிய இன்டிகேட்டர், குட்டை ஹேண்டில்பார். புல்லட்டிலும் சைலன்சர்தான். தயாரித்தபோது இருந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு இதில் வாதாட இடமே இல்லை. நம்ம மொபெட் ஆட்களுக்கு நம்பர் பிரச்சினைதான் அதிகம், சேசிஸில் நம்பர் இருக்கும் இடமே துருப்பிடித்துக் கரைந்துபோயிருக்கும். உரம், தண்ணீர், மண் என்று ஓடிய வண்டிக்கு அது நடக்கத்தான் செய்யும், வருடம் ஒருமுறை அந்த இடத்தைத் துடைத்து கிரீஸ் பூசி வைத்தால் தப்பிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், குறை வண்டியில் இல்லாமல் பேப்பரில் இருக்கும். ஃபைனான்சில் வாங்கி கடனை அடைத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கும். படிவம் 35-ல் அவர்கள் கையெழுத்து வேண்டும், சில சமயம் அந்த ஃபைனான்ஸ் கம்பெனியே இருக்காது. கடன் முடிந்த கையோடு அதை நீக்கிவிடுங்கள்.

இரண்டாவது முறையும் செலவும்

டேங்க்கை மறுபடி கறுப்பாக்கினோம். எஞ்சின் நம்பர் மேல் இருந்த பெயிண்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தோம், கம்பி பிரஷ் போடவில்லை, எழுத்து அழிந்தால் அப்புறம் வேறு கதை. விதிப்படி பிளேட், கண்ணாடி, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சேலை கார்டு. இரண்டாவது முறை போனபோது இன்ஸ்பெக்டர் அதே வரிசையில் பார்த்தார்: நம்பர், பிளேட், நிறம், கண்ணாடி, லைட். இந்த முறை முன் பிரேக்கை அவர் பிடித்ததும் வண்டி டக்கென்று நின்று அவரே கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பாஸ் ஆவதற்கு மட்டும் தேவைப்பட்ட வேலைகளுக்குச் சுமார் 3,000 ரூபாய், அதில் பேட்டரியும் பெயிண்ட்டும்தான் பெரும் பங்கு. யாரும் கேட்காத வேலைகளுக்கு, இரண்டு டயர், ஷூக்கள், கேபிள், கோன்செட், சுவிங் ஆர்ம் புஷ், சீல், செயின் செட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்தைத் தாண்டியது. இன்சூரன்சில் மூன்றாம் நபர் பிரீமியம் இந்த சிசிக்கு வருடம் 714, மேலே ஜி.எஸ்.டி. வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்த்தால் செலவு அதில் பாதிக்கு மேல் வரும். "இதுக்குப் பழைய வண்டிய எடைக்குப் போட்டுருக்கலாம்" என்று பெரியம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புது 100 சிசி வண்டி என்ன விலை விற்கிறது என்று பார்த்தபிறகு வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

அடுத்த புதுப்பிப்பு 2029-ல், அப்போது வண்டிக்கு 20 வயது முடிந்திருக்கும். 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கியிருக்கிறார்கள், அதற்குள் இன்னும் ஏறலாம். கோன்செட்டுக்கும் பிரேக் கேமுக்கும் வருடம் ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொல்லி மெக்கானிக் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். ஆர்மை மட்டும் பல் தள்ளி மாட்ட வேண்டாம் என்றும் சொன்னேன், "நம்ம கடையில அப்படிச் செய்யுறதே இல்ல தம்பி" என்றார்.